இடப்பக்கமே வென்றது, மைத்துனரே!

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் குரோயிவா ஷோஹெய் அவர்கள் சமூகத்திற்கு,

மழைக்காலம் ஒருவழியாக விடைபெற்று, மட்சுமோட்டோ நகரெங்கும் சில்வண்டுகள் காது கிழியக் கத்தும் இக்கோடையில், தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்களது முழங்காலும் நலமாகவே இருப்பீர்கள் என நம்புகிறேன். தாங்கள் ஹமாமட்சுவிலிருந்து அன்புடன் அனுப்பிவைத்த சுட்ட விலாங்கு மீன் பத்திரமாக வந்து சேர்ந்தது. தங்கள் தங்கை ஃபுசாகோ அதன் வால்பக்கத்தை மட்டும் எனக்கு ஒதுக்கினாள். அதற்கும் தங்களுக்கே நன்றி.

நிற்க. இம்மடலின் நோக்கம் யாதெனில், நம் பந்தயத்தில் தாங்கள் தோற்றுவிட்டீர்கள் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்வதே.

புத்தாண்டு விருந்தில், நான் இத்தாலியக் கார் வாங்கப்போகிறேன் என்றதும், உறவுக்காரர் அத்தனை பேர் முன்னிலையிலும் தாங்கள் சாக்கே மதுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அருளிய வார்த்தைகள் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கின்றன. "ஏன் மாப்ளே, இத்தனை வருஷமா ஊரான் வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டு இருந்தீங்களே, ரோட்டை எப்பப் பாத்தீங்க? இந்த நாட்டுல வண்டி இடதோரமா போகுது, அப்ப ஸ்டியரிங் வலப்பக்கம்தான் இருக்கணும். பல் டாக்டருக்கு இதுகூடவா தெரியாது?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஃபுசாகோவும் சிரித்தாள். அன்றே முடிவு செய்தேன், வாங்கினால் இடப்பக்கம்தான் என்று. தோற்றவர் ஒபோன் பண்டிகைக்குக் குடும்பம் கூடும்போது எழுந்து நின்று, கிண்ணத்தை உயர்த்தி, மற்றவர் பக்கமே சரியென்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் தாங்களே வகுத்த நிபந்தனை.

நான் பார்த்துவைத்திருந்த இரண்டு கார்களுக்கும் உருவத்தில் எந்த வேற்றுமையும் இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரே இத்தாலியப் பட்டறை, ஒரே வருஷம், ஒரே சிவப்பு, இருவர் மட்டும் உட்காரலாம். வலப்பக்க ஸ்டியரிங்குடையது ஹமாமட்சுவில் தங்கள் சிநேகிதரின் கடையில் நின்றது. இடப்பக்கத்தது எங்களூர்க் கார் வியாபாரி இக்கேகாயாவின் கடையில் நின்றது. இக்கேகாயா என்னை உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, கோயிலில் பேசுகிற குரலில் சொன்னான்: "டாக்டர் ஐயா, வலப்பக்க வண்டியில உக்காந்து பாருங்க, பெடல் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும். காலு ஒரு திசை, ஆளு ஒரு திசை. அது நமக்காக வேண்டாவெறுப்பா மாத்திக் குடுத்தது. இது அவங்க மனசாரச் செஞ்சது." மனசாரச் செய்தது என்று கேட்டபிறகு மனிதன் எப்படி மறுப்பான்?

ஆனால் மைத்துனரே, உண்மையான சோதனை தாங்களும் அல்ல, இக்கேகாயாவும் அல்ல, தங்கள் தங்கைதான். நான் மருத்துவமனையை மூடியதிலிருந்து மூன்று வேளையும் வீட்டிலேயே சாப்பிடுகிறேன். இது அவளுக்கு ஒரு பாரம் என்பதை அவள் சொல்லிக்காட்டியதில்லை, பாத்திரம் வைக்கிற சத்தத்தில் காட்டுவாள். கார் வந்த அன்று சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கமா வேணா இருக்கட்டும். ஒரு தடவை உங்களோட வர்றேன். நல்லா இருந்தா, கல்யாணமானப்போ ஊர் ஊராக் கூட்டிட்டுப் போறேன்னீங்களே, அதை இப்பவாவது செய்யுங்க. நல்லா இல்லேன்னா நான் பாட்டுக் குழுப் பொம்பளைங்களோட பஸ்ஸுல போய்க்கிறேன், உங்க மதியச் சாப்பாட்டை நீங்களே பண்ணிக்குங்க" என்றாள். பயந்துபோனேன். சாப்பாட்டுக்காக அல்ல. அவள் இல்லாத வீட்டில் நான் யாரிடம் பேசுவேன், சொல்லுங்கள்.

அதனால் முதலில் தனியாக ஓட்டிப் பழகலாம் என்று புறப்பட்டேன். இங்குதான் எதையும் ஒளிக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. பெரிய கடையின் நிறுத்துமிடத்தில் சீட்டுத் தருகிற பெட்டி வலப்பக்கம் நிற்கிறது, நானோ இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் ஒரு ஆள் இருக்கை காலியாகக் கிடக்கிறது, எட்டிப் பார்த்தேன் எட்டவில்லை, பெல்ட்டைக் கழற்றி அந்தப் பக்கம் ஊர்ந்தேன், கார் உயரமோ என் இடுப்பளவு, வயிறு கியர் மேல் உட்கார்ந்துகொண்டது, பின்னாலும் போக முடியவில்லை முன்னாலும் போக முடியவில்லை, பின்னால் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன, நம்மூர்க்காரர்களுக்கு ஹாரன் அடிக்கத் தெரியாதே, அடித்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறுதலடைந்திருப்பேன், ஒவ்வொருவராக இறங்கி வந்து குனிந்து "மன்னிக்கணும், ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்கிறார்கள், அதில் மூன்றாமவர் என்னிடம் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டவர், "அடடே டாக்டர்! வாயைத் தொறங்கன்னு எங்களைச் சொல்லுவீங்க, இப்ப நீங்களே கதவைத் தொறக்க முடியாமக் கிடக்கீங்களே!" என்று என் காலைப் பிடித்து இழுத்தார், வலிக்காம இழுக்கத் தெரியலை அந்த மனுஷனுக்கு.

மறுநாள் மலிவுக் கடையில் நீளமான பிடிகுச்சி ஒன்று வாங்கினேன். கிழவர்கள் சோபாவுக்கடியில் விழுந்த கண்ணாடியை எடுக்க வைத்திருப்பார்களே, அதுதான். அதை ஜன்னல் வழியே நீட்டிச் சீட்டைக் கவ்வினேன், கவ்விய சந்தோஷத்தில் பிடியை விட்டேன், காற்றில் சீட்டு பறந்து அடுத்த காரின் கண்ணாடித் துடைப்பானில் மாட்டியது, அந்தக் காரோ நகர்ந்துவிட்டது, நான் குச்சியோடு அதைத் துரத்தினேன். பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டுமே! வீட்டுக்கு வந்ததும் ஃபுசாகோ, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "அருமை" என்றேன். "சட்டை பட்டன் எங்கே?" என்றாள்.

இனிமேல்தான் வெற்றி ஆரம்பம். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து படிங்க மச்சான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவளை வலப்பக்கம் உட்காரவைத்துப் புறப்பட்டேன். பெட்ரோல் பங்க்கில் பையன் ஓடிவந்து அவளுக்கு வணக்கம் போட்டு, அவளிடம்தான் எவ்வளவு என்று கேட்டான், அவள் பக்கத்துக் கண்ணாடியைத்தான் துடைத்தான், என்னை ஒருத்தன் திரும்பிப் பார்க்கணுமே! சிக்னலில் நின்றபோது அவள் உப்பிட்ட ஆலுபுகாரா வைத்த சோற்று உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலப்பக்கமாக ஒரு போலீஸ் பைக் வந்து நின்றது. இளவயசுப் போலீஸ்காரர். அவளைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார், ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கிற மாதிரி, "சிவப்புக் கார் அம்மா! ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வைங்க!" என்றார்.

ஃபுசாகோ ஜன்னலை இறக்கினாள். "எந்த ஸ்டியரிங்குங்க?" என்றாள்.

போலீஸ்காரர் குனிந்தார். இன்னும் குனிந்தார். அந்தப் பக்கம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வணக்கம் சொன்னேன். அவர் முகம் எங்கள் காரைவிடச் சிவந்துவிட்டது. ஒலிபெருக்கியை அணைக்க மறந்து, "ஐயையோ" என்றார், அதுவும் ஊருக்கே கேட்டது. பச்சை விழுந்தும் எங்களால் நகர முடியவில்லை, உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாச்சு மச்சான்! என் கண்ணில் தண்ணியே வந்துடுச்சு. உங்க வலப்பக்கக் காரில் இது நடக்குமா? ஆயுசுக்கும் நடக்காது.

அப்புறம் மலை ஏறினோம். முன்னால் ஒரு சின்னப் பண்ணை லாரி, மேல வரைக்கும் முட்டைக்கோஸ் பெட்டி, மாட்டு நடையில போகுது. நான் உக்காந்திருக்கிறது ஓரத்துல, எனக்குத் தெரியறது முட்டைக்கோஸ் மட்டும்தான். எதிரில் என்ன வருதுன்னு வலப்பக்கம் உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். நீங்க புத்தாண்டன்னிக்கு நக்கலடிச்சதும் இதைத்தானே? நடு ரோட்டு மஞ்சக் கோடு முடிஞ்சு வெள்ளைக் கோடு வந்துச்சு, தாண்டலாம். "வருதா?" என்றேன். "இப்ப வேண்டாம்" என்றாள். கொஞ்ச தூரம் கழித்து, "இப்ப வருதா?" "வேண்டாங்க." மறுபடியும் கேட்டேன். "போங்க!" என்றாள்.

மச்சான், கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி நான் எதையும் உடனே செய்ததில்லை. குடை எடுத்துட்டுப் போங்க என்பாள், நனைந்து வருவேன். அன்று அவள் ஒரு வார்த்தை சொன்னாள், என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ரோட்டில் அவள் கண்ணை நம்பி மிதித்தேன். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. முட்டைக்கோஸ் பின்னால் போச்சு. எதிரில் ஒரு ஈ காக்கா இல்லை! அப்புறம் நான் வாயைத் திறந்தாலே போதும், அவள் பிடித்துக்கொண்டாள். சுற்றுலாப் பஸ்ஸா, "போங்க!" கேம்பிங் வேனா, "போங்க!" ஒவ்வொரு தடவையும் துல்லியம், ஒரு தடவைகூடப் பிசகவில்லை. நான் கால், அவள் கண். இதற்குப் பெயர்தான் தாம்பத்தியம் மச்சான். வலப்பக்கக் காரில் எல்லாவற்றையும் தானே பார்த்து, தானே முடிவெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியைப் பொட்டலம் மாதிரி ஏற்றிப்போகிற உங்களுக்கு இது புரியாது. அண்ணியிடம் கேட்டுப் பாருங்க.

மேலே காரை நிறுத்திவிட்டு சோபா நூடுல்ஸ் சாப்பிட்டோம். காற்று ஜில்லென்று வந்தது. அவள் கிண்ணத்தை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, "அடுத்தது நோட்டோ கடற்கரைக்குப் போலாங்க" என்றாள். பாட்டுக் குழுவிடம் பஸ்ஸுக்கு வரவில்லை என்று அங்கிருந்தே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன்!

ஆகவே தாங்கள் ஒபோனுக்கு வரும்போது நல்ல சட்டை அணிந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். கடும் வெயிலில் தங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ளவும். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற தங்கள் மாப்பிள்ளை,
ஹிராசவா தொகுஜி

பி.கு.: உறையை ஒட்டுமுன் பிழை பார்க்கச் சொல்லி ஃபுசாகோவிடம் கொடுத்தேன். போலீஸ்காரர் வரும் இடத்தில் சிரித்தாள். முட்டைக்கோஸ் லாரி வந்ததும் புருவம் சுருங்கியது.

"இதென்ன, நான் பாத்துச் சொன்னேன்னு எழுதியிருக்கீங்க?"

"பாத்துத்தானே சொன்னே?"

"நானா? அந்த மலை ரோட்டுல யாருங்க கண்ணைத் தொறந்து வச்சிட்டு உக்காருவா? மஞ்சக் கோடு முடிஞ்சதுலேருந்து உச்சிக்குப் போற வரைக்கும் இறுக்கி மூடிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப போங்கன்னு சொன்னது?"

"வருதா வருதான்னு நச்சரிச்சீங்க. முதல்ல ரெண்டு தடவை வேண்டாம்னேன், உங்க குரல் வாடிப்போச்சு, பாவமா இருந்துச்சு, போங்கன்னேன். அப்புறம் நீங்க ரொம்ப சந்தோஷப்பட்டீங்க, அதனால ஒவ்வொண்ணுக்கும் சொன்னேன். ஓட்டுறவரு நீங்க, பாத்துத்தானே போவீங்க?"

மச்சான், அந்த வலப்பக்கக் கார் இன்னும் விற்காமல் இருக்கிறதா? இருந்தால் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று உங்கள் சிநேகிதரிடம் இன்றே சொல்லிவையுங்கள். பதிலைத் தபாலில் போடாதீர்கள், போன் செய்யுங்கள், உடனே செய்யுங்கள். அவள் சோற்று உருண்டை கட்டி, தொப்பி மாட்டிக்கொண்டு, நோட்டோவுக்குப் போக வலப்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.