மாணவர்கள் கண்டு களித்தனர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. எங்கேயும் போவதற்கு முன்பே போய்வந்துவிடுகிற இனம். கூட்டம் கூடும் முன்பே 'கூட்டம் சிறப்பாக நடந்தேறியது' என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுத்துவிடுபவர், பெண் பார்க்க வருகிறவர்கள் பஸ் ஏறும் முன்பே அழைப்பிதழுக்கு மஞ்சள் அட்டை வாங்கி வைப்பவர், டாக்டர் இன்னும் கையை விரிக்காத ஒரு நோயாளிக்கு இரங்கல் தீர்மானத்தை மூன்று பிரதி டைப் அடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கும் சங்கச் செயலாளர், எல்லோரும் இந்தக் குடும்பம்தான். இவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். பொய்யனுக்கு வேலை சுலபம். நடந்ததை மாற்றிச் சொன்னால் போதும். இவர்கள் முதலில் சொல்லிவிட்டு, பிறகு நடப்பதைப் பிடித்து இழுத்து வந்து அதற்குள் அடைக்கப் பாடுபடுகிறார்கள். எவ்வளவு உழைப்பு!

கலப்படம் இல்லாத மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போங்கள். அங்கே முகாம் பொறுப்பாசிரியர் என்று ஒருவர் இருப்பார். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், முழங்கால் வரை காலுறை. பையன்களுக்கு அவர் ஒருபோதும் கடலைக் காட்ட மாட்டார். மாணவர்கள் கடலைக் கண்டு களிப்பார்கள். அவருடைய முகாமில் யாரும் சோறு தின்பதில்லை, உணவருந்தி இளைப்பாறுவார்கள். யாரும் வீடு வந்து சேர்வதில்லை, இனிதே திரும்புவார்கள்.

எனக்குத் தெரிந்தவர் பெயர் சிவப்பிரகாசம். செங்கல்பட்டில் ஒரு விடுதிப் பள்ளியின் தமிழாசிரியர். எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில் அவர் நடத்திய இரண்டு நாள் நடைப்பயண முகாமுக்குக் கணக்கு வாத்தியாராகிய நானும் துணைக்குப் போயிருந்தேன்.

அந்த முகாமில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வருஷங்களுக்கு முன் போன முகாமில் பையன்கள் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் மாங்காய் அடித்து, தோட்டக்காரர் விடுதி வாசலுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். தாளாளர் முகாமையே நிறுத்திவிட்டார். காலை மணி, மாலை மணி, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல், மதில் சுவர். நூற்றைம்பது பையன்களுக்கு உலகம் அவ்வளவுதான். சிவப்பிரகாசம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். தாளாளர் சொன்னது இது: "ஒரே ஒரு தடவை. ஒரு குறை என் காதில் விழுந்தாலும் இந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்ற பேச்சே கிடையாது."

வேறொருவராக இருந்தால் குறை வராமல் பார்த்துக்கொள்ள வழி தேடியிருப்பார். சிவப்பிரகாசம் அறிக்கை எழுதினார். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே. முழுநீளத் தாளில் ஒன்பது பக்கம், கார்பன் வைத்து மூன்று பிரதி, கீழே கையெழுத்து. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் இருபத்து நான்கு பையன்களையும் உட்கார வைத்து அதை முழுக்கப் படித்துக் காட்டினார். நாளை நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

சனிக்கிழமை காலை திருப்போரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிழக்கே நடந்து, கால்வாய்க் கரைக்கு வந்தோம். பஸ் யாரும் எதிர்பாராதபடி நேரத்துக்கு வந்துவிட்டதால் மணி ஒன்பது நாற்பதுதான் ஆகியிருந்தது. படகு காத்திருந்தது. படகுக்காரர் தணிகைவேல் கழியை ஊன்றிக்கொண்டு நின்றார். சிவப்பிரகாசம் பையன்களைப் பனை நிழலில் உட்காரச் சொன்னார்.

"இன்னா வாத்யாரே, படகு ரெடியா கீது. ஏறாம குந்திகினு கீறீங்க?"

"பத்தேகாலுக்குத்தான் கடக்கணும்."

"யாரு சொன்னா?"

"எழுதியிருக்கு."

தணிகைவேல் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுதியது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. "காவாய்க்குப் படிக்கத் தெரியாது வாத்யாரே. தண்ணி வத்திகினே போவுது. அப்பால என்ன பேஜார் பண்ணாத."

பத்தேகாலுக்கு விசில் ஊதினார். ஏறினோம். பாதிக் கால்வாயில் படகு தரை தட்டியது. இருபத்து நான்கு பேரும் முழங்கால் சேற்றில் இறங்கி, தணிகைவேல் வாயிலிருந்து புதிய சொற்கள் பலவற்றைக் கற்றபடி படகைத் தள்ளிக் கரை சேர்த்தார்கள். அறிக்கை, இரண்டாம் பக்கம்: 'படகுப் பயணம் இன்பமாக அமைந்தது.'

அதுவாவது தண்ணீர் சம்பந்தப்பட்ட விஷயம். நெம்மேலிக் குப்பத்தில் மனிதர்களே குறுக்கிட்டார்கள். 'மீனவ மக்களுக்கு மாணவர்கள் சுகாதாரத்தின் சிறப்பை எடுத்துரைத்தனர். அவர்கள் நன்றி கூறினர்' என்பது மூன்றாம் பக்கம். குப்பத்தில் அந்த நேரத்துக்கு அகப்பட்டவர் ஆதியம்மாள் ஒருவர்தான். மீன் கூடையோடு சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு பையன் அவர் முன்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கத் தொடங்கினான்.

"இன்னா நைனா, காலு பூரா சேறு. நீ வந்து என்னாண்ட சுத்தம் பேசறியா? மொதல்ல அப்பால போயி கால கழுவு."

சிவப்பிரகாசம் ஓடி வந்தார். "அம்மா, நன்றி மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க."

"எதுக்கு நன்றி?"

"சும்மா ஒரு வார்த்தை."

ஆதியம்மாள் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். "இந்தக் கூடய ஒரு கை புடிச்சி தலயில தூக்கி வை. சொல்றேன்."

அவர் தூக்கி வைத்தார். மீன் தண்ணீர் அவர் சட்டையில் வடிந்தது. "நல்லா இரு வாத்யாரே" என்று சொல்லிவிட்டு ஆதியம்மாள் போய்விட்டார். சிவப்பிரகாசம் பென்சிலை எடுத்து அந்த வரிக்கு நேரே ஒரு குறி போட்டார். முகத்தில் என்ன நிம்மதி!

சவுக்குத் தோப்பில் சமைத்த சாம்பார் சாதத்தில் பாதி மணல். அது 'சுவைமிக்க உணவு'. மறுநாள் ஆறு முப்பத்தைந்துக்குச் சூரியோதயம். 'மாணவர்கள் அதைக் கண்டு வியப்படைந்தனர்' என்பது அறிக்கை. கூடாரத்தை மடித்து, வரிசை நிறுத்தி, வரிசை கோணலாக இருக்கிறது என்று மறுபடி நிறுத்தி, கடற்கரைக்குப் போனபோது சூரியன் அரைப் பனை உயரத்துக்கு வந்து, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்பிரகாசம் ஒரு கணம் அதை முறைத்தார். பிறகு பையன்களைக் கிழக்கே திருப்பி நிறுத்தி, "ம், வியப்படையுங்க" என்றார். அடைந்தார்கள். ஒருவன் மட்டும் கொட்டாவி விட்டான். அதுவும் தூரத்திலிருந்து பார்த்தால் வியப்பு மாதிரிதான் இருந்தது.

அங்கிருந்து கரையோரமாகவே தெற்கே மாமல்லபுரத்துக்கு நடை. சிவப்பிரகாசம் முன்னால், நான் நடுவில், இரண்டிரண்டு பேராகப் பையன்கள். பத்தரை மணிக்குக் கடற்கரைக் கோயிலை அடைந்து, சிற்பங்களைக் கண்டு களிப்பதற்கு முன் தலைகளை எண்ணினோம். இருபத்து மூன்று.

மறுபடி எண்ணினோம். இருபத்து மூன்று.

இப்போது சிவப்பிரகாசம் செய்த காரியத்தை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அறிக்கையை வெளியே எடுத்தார். ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினார். "இருபத்து நாலுன்னுதானே போட்டிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். 'இருபத்து நான்கு மாணவர்களும் நலமுடன் இனிதே திரும்பினர்' என்று இருந்தது. கையெழுத்தும் இருந்தது.

காணாமல் போனவன் ஒன்பதாம் வகுப்பு கிஃபாயத்துல்லா. அவனுக்கு ஜோடியாக நடந்து வந்த மூர்த்தியைப் பிடித்து உலுக்கினோம்.

"ஒதுங்கிட்டு வரேன்னு போனான் சார்."

"எப்போடா?"

"ரொம்ப நேரம் ஆச்சு சார். பட்டிப்புலம் கிட்ட."

"அப்பவே ஏண்டா சொல்லலே?"

மூர்த்தி அழ ஆரம்பித்துவிட்டான். "'மாணவர்கள் பேசாமல் அமைதியாக நடந்தனர்'னு நீங்கதானே சார் படிச்சீங்க?"

சிவப்பிரகாசம் இடது பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். இரண்டு நாட்களாக அது பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அப்போதுதான் அவர் அதை முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பையன்களைக் கோயில் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் வந்த வழியே திரும்பி ஓடினோம். சாளுவன்குப்பம் தாண்டுவதற்குள் அவருடைய காலுறைகள் கணுக்காலுக்கு இறங்கிவிட்டன. எதிரே வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். அலை ஒதுக்கிய கறுப்பான எதையோ பார்த்து நின்று, அது மரக்கட்டை என்று தெரிந்ததும் மணலில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து ஓடினார். "அவங்க அம்மாவுக்கு நான் என்ன எழுதுவேன்?" என்றார் ஒரு தடவை. எழுதத் தெரியாமல் அவர் நின்ற ஒரே சமயம் அது.

பட்டிப்புலத்துக்கு அருகே பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து கடலுக்குள் போகும் இரண்டு கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் பதினைந்து ஆள். ஒரு கயிற்றில் ஐந்தாவது ஆள் கிஃபாயத்துல்லா. வேடிக்கை பார்க்கப் போனவனிடம் 'சும்மா நிக்கிறியே, ஒரு கை குடு' என்றிருக்கிறார்கள். கொடுத்திருக்கிறான். வலை பாதி வந்த பிறகு கயிற்றை விட்டுவிட்டு எப்படி வருவது?

"டேய்!" என்று கத்திக்கொண்டே கையை ஓங்கினார் சிவப்பிரகாசம்.

கயிற்றின் முன்னால் நின்ற பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடிக்கிறதெல்லாம் அப்பால வச்சிக்க அண்ணாத்த. வலை பாரமா கீது. வந்து கயிறப் புடி."

சொன்னால் நம்புங்கள், பிடித்தார். நானும் பிடித்தேன். முக்கால் மணி நேரம் இழுத்தோம். வலைப் பாட்டில் அவர்கள் ஏலோ போட்ட இடத்தில் இவரும் போட்டார். கிஃபாயத்துல்லா, "குதிகாலை ஊணுங்க சார், இல்லாட்டி இழுத்துகினு போயிடும்" என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தான். அவர் ஊன்றினார். வலை கரையேறி, அதன் மடி திறந்து, மீன்கள் வெள்ளியாய்க் குவிந்து துள்ளியபோது அவர் வாய் திறந்திருந்தது. யாரும் விசில் ஊதவில்லை.

திங்கட்கிழமை காலை தாளாளர் அறையில் நானும் இருந்தேன். அவர் ஒன்பது பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "கையில் என்ன கட்டு?"

"கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது சார்."

"ஒரு குறையும் இல்லையே?"

சிவப்பிரகாசம் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. அறிக்கையில் எழுதியபடி இருபத்து நான்கு பேர்தானே திரும்பியிருந்தார்கள்? "இல்லை சார்" என்றார். தாளாளர் ஓரத்தில் 'ஆண்டுதோறும் நடத்தலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நூற்றைம்பது பையன்களுக்கு மதில் சுவர் கொஞ்சம் தள்ளிப்போயிற்று. நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம்.

அடுத்த மாதப் பரீட்சையில் கட்டுரைக் கேள்வி: 'மறக்க முடியாத முகாம்.' இருபத்து மூன்று பையன்கள் சூரியோதயத்தைக் கண்டு வியந்து, சுகாதாரத்தை எடுத்துரைத்து, இனிதே திரும்பினார்கள். பத்துக்கு ஏழு, எட்டு. கிஃபாயத்துல்லா மட்டும் கயிற்றைப் பற்றி எழுதியிருந்தான். கயிறு கையை அறுத்தது, குதிகால் மணலில் புதைந்தது, தமிழ் ஐயா ஏலோ போட்டது, எல்லாவற்றையும். சிவப்பிரகாசம் அந்த விடைத்தாளை இரண்டு தடவை படித்தார். ஆசிரியர் அறையில் எதிர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது லேசாகச் சிரித்தார். பிறகு சிவப்பு மையில் 'கற்பனை அதிகம்' என்று எழுதி மூன்று மதிப்பெண் போட்டார்.

பாவம் சிவப்பிரகாசம் என்கிறீர்கள். நமக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல ஒரு குரலில் சொல்கிறீர்கள். நல்லது, அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். இது நம்ம ஆபீஸ் இன்னாரைப் பற்றியதுதான் என்று தீர்மானித்து, அவரிடம் காட்டுவதற்காகப் பக்கத்தின் முனையை மடித்துவிட்டீர்களே, அப்போது நீங்கள் படித்துக்கொண்டிருந்தது எத்தனையாவது வரி?