துண்டைப் பார்த்துக் கரையேறியவர்கள்

அன்புக்கும் மரியாதைக்கும் ஒருசேர உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் மகளும் இங்கே சௌக்கியம், என் இடது காதைத் தவிர. காலையில் அதற்குள் புகுந்த கடல் இன்னும் வெளியே வரவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். கீழ் அறைக்காரர் படியேறி வந்து, "மேல ஏதாவது மராமத்து வேலை நடக்குதுங்களா?" என்று பணிவாக விசாரித்துவிட்டுப் போனார். அங்கே உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள் என்று கேட்பதுதான் முறை. நீங்கள் போனையே எடுப்பதில்லை, எடுத்தாலும் "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. ஆகவே சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று நானே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

இந்த இரண்டு நாள் பயணத்துக்கு மகள் உங்களைக் கூப்பிட்டதையும், அதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் என்னிடம் சொன்னாள். "எனக்கு நீச்சல் தெரியாதும்மா. அங்க வந்து எனக்கு என்ன வேலை? நீங்க போயிட்டு வாங்க. எப்படி இருந்துச்சுன்னு அப்பாவை எழுதச் சொல்லு" என்றீர்களாம். என் தங்கை நம்மை விட்டுப் போன பிறகு நீங்கள் கடல் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நாங்களும் உங்களை வற்புறுத்தவில்லை, நாங்களும் போகவில்லை. இந்த வருஷம்தான் மகள் ஒற்றைக்காலில் நின்று எங்களைக் கிளப்பினாள். எப்படி இருந்தது என்று கேட்டீர்கள் அல்லவா? சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: மோசம். வராமல் தப்பித்தீர்கள், புண்ணியவான். விவரம் கேளுங்கள்.

முதலில் விடுதி. நாம் வருஷா வருஷம் தங்குவோமே, நடந்தால் தரை முழுக்க மணல் நெறுநெறுக்கும் அந்தப் பழைய வீடு, குழாயைத் திறந்தால் முதலில் காற்றும் பிறகு செந்தண்ணீரும் கடைசியில் போனால் போகிறது என்று கொஞ்சம் நல்ல தண்ணீரும் வருமே, அதை இடித்துவிட்டார்கள். அந்த வீட்டு டீயில் உப்புக் கரிக்கிறது என்று நான் ஒவ்வொரு காலையும் சண்டை போடுவேன். "அண்ணா, கடலுக்கு வந்துட்டு கரும்புத் தோட்டமா கேக்கறே?" என்று தங்கை என் டம்ளரையும் பிடுங்கிக் குடிப்பாள். இப்போது அதே இடத்தில் மாடிமேல் மாடியாக ஒரு கட்டடம், அதற்கு ஒரு லிஃப்ட். ஆயுசு முழுக்க லிஃப்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட எனக்கு அதைப் பார்த்தவுடனே மூக்கில் வியர்த்துவிட்டது. கதவு மூடும்போது ஒரு முனகல். உள்ளே சோதனைத் தேதி ஒட்டவில்லை. விடுதி மேலாளரைக் கூப்பிட்டு, கதவின் தண்டவாளத்தில் மணல் அடைத்திருப்பதைக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினேன். அவர் என் கைக்குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியை இரக்கத்தோடு பார்த்தார். அவள் யாருடனோ வந்தவள்போலப் படியில் ஏறிப் போய்விட்டாள். டீயில் உப்பே இல்லை. குடிக்கச் சகிக்கவில்லை.

அடுத்தது கடல். நம் காலத்தில் கடலில் இறங்குவதற்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. தங்கை கண்ணாடியைக் கழற்றி உங்கள் சட்டைப்பையில் போடுவாள், புடவைக்கு மேல் உங்களுடைய பழைய சட்டையை மாட்டிக்கொள்வாள், அலையைக் கண்டால் ஓடிப்போய்த் தலையைக் கொடுப்பாள். நாங்கள் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, அவள் தலை மட்டும் எங்கோ தூரத்தில் தேங்காய்போல மிதக்கும். நீங்கள் கரையில் எல்லோருடைய செருப்புகளையும் வரிசையாக அடுக்கி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். மருந்துக்கடையில் வாடிக்கையாளர் காதருகே மெல்லப் பேசியே பழகிய உங்கள் குரல் அலைச் சத்தத்தைத் தாண்டாது. அதனால்தானே அந்தத் துண்டு வந்தது? போதும் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டால் எழுந்து நின்று, சிவப்புக் கோடு போட்ட துண்டைத் தலைக்குமேல் இரண்டு பக்கமும் ஆட்டுவீர்கள். அதைப் பார்த்துவிட்டால் யாராக இருந்தாலும் கரையேறியாக வேண்டும், மறுபேச்சுக் கிடையாது. தங்கை மட்டும் பார்க்காததுபோல நடிப்பாள். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியவில்லை என்று பிறகு சாதிப்பாள். கடைசியில் அவளும் வந்துவிடுவாள், நீங்கள் ஒரு வார்த்தை திட்டாமல் அந்தத் துண்டையே தலை துவட்டக் கொடுப்பீர்கள்.

இப்போது அப்படியெல்லாம் இல்லை. கடலாமைகளோடு சேர்ந்து நீந்துவதற்கு ஓர் ஏற்பாடு, அதற்கு ஒரு வழிகாட்டிப் பெண். கழுத்தில் விசில் தொங்கும் அவளுக்கு நான் விசில்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடற்புல் வளர்ந்திருக்கிறதாம், அதை மேய ஆமைகள் வருமாம், கூடவே திருக்கை மீன்களும் வருமாம். நாம் முகமூடிக் கண்ணாடி மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் சத்தம் போடாமல் மிதக்க வேண்டுமாம். விசில்காரி எனக்கு ஒரு மிதவைச் சட்டை கொடுத்தாள். வாரை இழுத்துப் பார்த்தேன், கொக்கி எனக்குத் திருப்தியாக இல்லை. இன்னொன்றைக் கேட்டேன். அதன் கொக்கியும் சுமார்தான். என் தொழிலில், ஒரு கயிற்றை நம்ப முடியாவிட்டால் இரண்டாவது கயிறு இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டு சட்டைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன்.

விளைவு என்னவென்றால், மாப்பிள்ளை, என்னால் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே முடியவில்லை. குனிந்தால் சட்டைகள் இரண்டும் சேர்ந்து என்னைப் புரட்டி மல்லாக்கப் போட்டன. எல்லோரும் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் வானத்தையும் கரையையும் பார்த்து மிதந்துகொண்டிருந்தேன். காது வழியாகக் கடல் உள்ளே வந்தது அப்போதுதான். என் மனைவியும் மகளும் கைகோத்துக்கொண்டு, முகம் புதைத்து, அத்தனை அழகாக மிதந்தார்கள். மகள் நீந்தும்போது கால் அடிக்கும் விதம் அப்படியே அத்தையுடையது. அதையே பார்த்துக்கொண்டு மிதந்ததில் ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒருவர் எழுந்து நின்றார். தலைக்குமேல் ஒரு துண்டை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

நான் யோசிக்கவே இல்லை. "கூப்பிடறாங்க!" என்று கத்தினேன். என் மனைவி முகத்தைத் தூக்கிக் கரையைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். யார், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று பேரும் திரும்பிக் கரையை நோக்கிக் கைகால் அடிக்க ஆரம்பித்துவிட்டோம். நாங்கள் இத்தனை வேகமாகத் திரும்புவதைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று கூட வந்த மற்றவர்களும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று எங்கள் பின்னால் வந்தார்கள். விசில்காரி விசிலை ஊதினாள், ஊதினாள், அப்படி ஊதினாள். எங்கள் குடும்பத்தில் யாரும் விசிலுக்குத் திரும்பிப் பழக்கமில்லையே!

ஈரம் சொட்டச் சொட்ட அந்த மனிதர் முன்னால் போய் நின்றோம். பாரியான ஆள், விடுப்பில் வந்திருக்கும் பஸ் ஓட்டுநர் என்று பிறகு தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் வேறு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"என்னங்க? நான் என்ன பண்ணேன்?"

"நீங்க துண்டை ஆட்டினீங்களே" என்றாள் என் மனைவி.

"மண்ணு ஒட்டியிருந்துச்சுங்க. உதறினேன்."

நாங்கள் திருதிருவென்று விழித்தோம். அப்போதுதான் கடலுக்குள்ளிருந்து விசில்காரி கத்திக்கொண்டே வந்தாள். "ஏங்க, எல்லாரும் எங்க ஓடறீங்க? ஆமை இப்பதான் வந்துச்சு! நீங்க மிதந்துக்கிட்டிருந்த இடத்துக்கு நேர் கீழ வந்துச்சு! இவ்வளவு பெரிசு!" என்று கைகளை விரித்துக் காட்டினாள். கூட வந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. மகள் மணலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. "மாமா கூப்பிடற மாதிரியே இருந்துச்சுப்பா" என்றாள். என் மனைவி முகமூடிக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அதற்குள்ளேயே அழுதாள்.

சாப்பாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கூடையில் மீனைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டு, அங்கேயே சுட்டுத் தருகிற கடை இப்போது இல்லை. பெரிய தட்டு, நடுவில் சின்ன மீன், சுற்றிலும் பச்சை நிறத்தில் யாரோ பேனாவை உதறியதுபோலக் கொஞ்சம் சாறு. இறால் நன்றாக இருந்தது என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். நண்டுதான் வம்பில் முடிந்தது. இத்தனை வருஷமும் நீங்கள்தானே எல்லோருக்கும் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்துத் தட்டில் வைப்பீர்கள்? எங்களுக்கு அந்த வித்தை தெரியாது. ஓர் இடுக்கியைக் கொடுத்தார்கள். நான் அழுத்திய அழுத்தில் நண்டுக்கால் பறந்துபோய் அடுத்த மேசையில் ஒருவருடைய சூப்புக்குள் விழுந்தது. அவர் யார் என்கிறீர்கள்? அதே பஸ் ஓட்டுநர்.

"உங்களுக்கும் எனக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு இருக்குதுங்க" என்று சொல்லித் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். என் மனைவிக்குத்தான் ஆள் கிடைத்தால் போதுமே, தங்கையிலிருந்து துண்டுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் நண்டை உடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அந்த மாமா ஏங்க வரல?" என்றார்.

"நீச்சல் தெரியாதுன்னு வரல" என்றேன்.

"இதென்னங்க அநியாயமா இருக்குது? துண்டு ஆட்டறவருக்கு நீச்சல் எதுக்கு?"

என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் நண்டைப் பார்த்தேன். அவரோ விடவில்லை, "வேணும்னா காலைல நான் ஆட்டறேங்க, நானும் சும்மா உக்காந்துதான் இருக்கப்போறேன்" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஊர் பேர் தெரியாத ஒரு மனிதர் கூப்பிட்டு நான் கரையேறுவதா? "வேணாங்க, நாங்க காலைல கிளம்பறோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

ஆக மாப்பிள்ளை, ஆமையைப் பார்க்கவில்லை, திருக்கையைப் பார்க்கவில்லை, விடுதி பிடிக்கவில்லை, காதில் கடல். மத்தியான வெயிலில் இருவரும் தூங்க, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடல் என்னவோ அதேபோல்தான் இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் வராதது உத்தமம். இனிமேலும் வர வேண்டாம். நாங்களும் இத்தோடு கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நாளைக் காலையில் மூட்டையைக் கட்டுகிறோம். நீங்கள் நிம்மதியாக வீட்டிலேயே இருந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் என் ஆசிகள் எப்போதும் உங்களுக்கு உண்டு. என் மனைவி உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். தூக்கத்திலேயே சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மைத்துனன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு மனைவி எழுந்து இதை வாங்கிப் படித்தாள். "மனசுல இருக்கறதை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிக் கையில் திருப்பிக் கொடுத்தாள். சரி, எழுதுகிறேன். நீங்கள் இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை, மாப்பிள்ளை. தங்கை போனதோடு நீங்களும் போய்விட்டதுபோல் இருக்கிறது, அதை எங்களால் தாங்க முடியவில்லை. நாங்கள் ஊருக்குக் கிளம்பவில்லை. அறையை இன்னும் சில நாள் வைத்துக்கொண்டோம், ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. ஆமை தினமும் வருமாம், நீங்கள் வரும்வரை தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று விசில்காரியிடம் சொல்லிவிட்டோம். இந்தக் கடிதத்தையும் தபாலில் போடவில்லை. விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவந்து இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நிற்கிறாளே என் மகள், நீங்கள் படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவளால் அதிக நேரம் தாங்க முடியாது. சட்டையை மாற்றிக்கொண்டு சீக்கிரம் கிளம்புங்கள். உங்கள் தெருவைப் பற்றி எனக்குத் தெரியும், வண்டியை அவள் நிறுத்தக் கூடாத இடத்தில்தான் நிறுத்தியிருப்பாள்.