நாய் மணிக்கும் ஒரு வீட்டு இலக்கம்

பதுளை மலைகள் இன்னும் முழுதாகச் சரியாமல் நிற்பதற்கு ஒரே காரணம், ஸ்டேஜிங் அண்ணனைப் போல இன்னொரு பிடிவாதக்காரர் இங்கே பிறக்காததுதான். இரண்டு பேர் இருந்திருந்தால் மலையே வெறுத்துப்போய் இறங்கி வந்திருக்கும்.

ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில், வெப்சைட் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஒரு சைட்டில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் முதலில் அச்சு அசலாக ஒரு நகல் செய்வோம். வெளியாட்கள் கண்ணில் படாமல் பூட்டி வைத்து, அதில்தான் உடைப்பதும் ஒட்டுவதும். சரிவந்தால் உண்மை சைட்டில் ஏற்றுவோம். அந்த நகலுக்குப் பெயர் ஸ்டேஜிங். எங்களுக்கு அது வேலை. அண்ணனுக்கு அது குடியிருப்பு.

உண்மை சைட்டுக்குள் போவதென்றால் செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். முகம் கழுவுவார். யாரும் பேசக்கூடாது, தும்மக்கூடாது. ஸ்டேஜிங் என்றால் செருப்புக் காலைக் கதிரையில் தூக்கி வைத்து, ஒரு கையில் வடையோடு தட்டுவார்.

"இது பொய் வீடு தங்கச்சி. எப்படி வேணும்னாலும் வரலாம்."

எப்படி வேண்டுமானாலும் வர முடியாது. அவர் அதற்கு இரண்டு பூட்டுப் போட்டிருந்தார். தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு வீடு கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் சைட்டைச் செய்துகொண்டிருந்தோம். அதன் அதிகாரி கொழும்பிலிருந்து நகலைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணன் போனில்தான் கூட்டிப்போவார்.

"சார், எங்க நிக்கிறீங்க?"

"பாஸ்வேர்ட் கேக்குதப்பா. போட்டா எடுக்குதில்ல."

"நீங்க போட்டது உள்கதவுச் சாவி. நிக்கிறது கேட்டுல. முதல்ல கேட்டுச் சாவிய போடுங்க."

"போட்டேன். மறுபடியும் கேக்குது."

"இப்பதான் உள்கதவு. பாத்து, குனிஞ்சு வாங்க சார்."

அதிகாரி குனிந்தாரோ தெரியாது. அண்ணன் பிறந்து வளர்ந்தது லுணுகலைப் பக்கத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைத்த ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில். அங்கே எல்லாக் கதவுக்கும் குனிய வேண்டும்.

அந்தச் சைட்டில் ஒரு பக்கம் உண்டு. பெயரைத் தட்டினால் அவருக்கு ஒதுக்கிய வீட்டின் இலக்கமும் வீதியும் வரும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்டேஜிங்கில் பொய்ப் பெயர்கள் போட வேண்டும். நான் 'அஅஅ' என்று போட்டேன். அண்ணன் தன் லயத்தையே கொண்டுவந்து குடியேற்றினார். அவரே பெயர் வைத்த கொழுந்து வீதியில் பாதிப் பேர், அட்டைக்கடி ஒழுங்கையில் மீதிப் பேர்.

அதிகாரி பார்த்துவிட்டார்.

"இலக்கம் பதினொன்று, அட்டைக்கடி ஒழுங்கை, மணி. இந்த மணி யாரு?"

"எங்க லயத்து நாய் சார்."

"நாய்க்கு வீடா?"

"மத்தவங்க எல்லாம் போயிட்டா அது மட்டும் அங்க என்ன செய்யும் சார்?"

அண்ணனுடைய பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. கேட்டேன்.

"எல்லாரும் குடிபோன பிறகு, பழைய லயத்துல யாராவது லைட்ட அணைக்கணுமில்ல."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு மனுப் போடும் படிவம் உண்மை சைட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது; அதில் இப்போது இருக்கும் வீட்டின் இலக்கமும் வீதியும் கட்டாயம். இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளாது. லயத்துக்கு ஏது முகவரி? தோட்டத்துக் கடிதமெல்லாம் ஒரே குவியலாகத் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். இதை அண்ணன் அதிகாரியிடம் சொன்னார்.

"அட்ரஸ் இல்லாத ஆளுக்கு எப்படியப்பா வீடு குடுக்கிறது?"

"அட்ரஸ் இருந்தா எதுக்கு சார் வீடு கேக்குறாங்க?"

போன் வைக்கப்பட்டது. படித்த முட்டாள்கள் கூடி எழுதிய படிவம் அது. வேறு மரியாதையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணன் தன் போனிலும் ஸ்டேஜிங்கைத் திறந்து, இரண்டு பாஸ்வேர்டையும் போனையே நினைவில் வைத்துக்கொள்ளச் செய்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தில், பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்காவின் மகள் பாடம் பார்க்க அந்தப் போனை வாங்கினாள். திறந்திருந்த பக்கத்தில் விளையாட்டாக அம்மாவின் பெயரைத் தட்டினாள். இலக்கம் ஒன்பது, கொழுந்து வீதி.

பாக்கியம் அக்காவின் காம்பராவில் பின்சுவர் வெடித்துப்போயிருந்தது. மழை பிடித்தால் தாயும் மகளும் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் படுப்பார்கள். மறுநாள் காலை அக்கா பஸ் ஏறி எங்கள் மேல்மாடிக்கு வந்துவிட்டார், நனைந்த குடையோடு.

"தம்பி, சாவிய யாருகிட்ட வாங்கணும்? கொழுந்தெடுக்க மலைக்குப் போகல. இன்னைக்குப் பேரு, ஒருநாள் சம்பளம், போனா போகுது. சட்டி பானையெல்லாம் கட்டிட்டேன்."

அண்ணன் வடையைக் கீழே வைத்தார்.

"அக்கா, அது உண்மையில்ல. வேலைக்காகப் போட்டுப் பாத்தது."

"என் பேரு இருந்துச்சே."

"இருந்துச்சு."

"நம்பரு இருந்துச்சே."

"நான்தான்க்கா போட்டேன்."

அக்கா குடையை மடக்கிக்கொண்டே நின்றார். மடக்கிய குடையை மறுபடியும் மடக்கினார்.

"ஏன்டா, பொய்யில குடுக்க முடிஞ்ச ஒனக்கு, மெய்யில குடுக்க முடியலையா?"

அண்ணன் எழுந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். முகம் கழுவினார். எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணே, வேணாம். வேலை போயிரும்."

"கத்தாத தங்கச்சி. உள்ள போறேன்."

ஒரு கமாவை மாற்றுவதென்றாலும் ஸ்டேஜிங்கில் போட்டுப் பார்க்கும் மனிதர், அன்று நேராக உண்மை சைட்டில் கைவைத்தார். முகவரி கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார். அக்காவின் மனுவை நிரப்பி, முகவரியை வெறுமையாக விட்டு அனுப்பினார். ஏற்றுக்கொண்டதாக ஒரு பதிவெண் வந்தது.

"இதாவது மெய்யா?"

"மெய்தான்க்கா. வீடு இல்ல. மனு."

பிறகு லயத்துக்குப் போன் போட்டார். பின்னேரத்துக்குள் லயம் முழுக்க மனுப் போட்டுவிட்டது. அதிகாரி எங்கள் முதலாளியைப் போனில் கூப்பிட்டுக் கத்தினார். முதலாளி அண்ணனை அன்றே அனுப்பிவிட்டார். படிவத்தில் முகவரி மறுபடியும் கட்டாயமானது. பதிவெண் கொடுத்த மனுக்களை மட்டும் தூக்கிப்போட முடியவில்லை. அவை அங்கே கிடக்கின்றன. பதில் இல்லை. பாக்கியம் அக்கா இன்னும் அந்தச் சுவருக்குக் கீழேதான். மழை பிடித்தால் பள்ளிக்கூடம்.

அண்ணன் கொழும்பில் ஏதோ கடையில் நிற்பதாகக் கேள்வி. போன் எடுப்பதில்லை. எடுத்தால் நன்றாகத் திட்டுவேன்.

ஸ்டேஜிங் இப்போது என் பொறுப்பு. உண்மைப் பெயர்களையெல்லாம் அழிக்கச் சொன்னார் முதலாளி. அழித்தேன். நாயை மட்டும் விட்டுவிட்டேன். மணி சாவி கேட்டு பஸ் ஏறி வராது. அதற்குப் பக்கத்து இலக்கம் காலியாக இருந்தது. அதில் ஒரு பெயர் போட்டிருக்கிறேன், 'ஸ்டேஜிங் அண்ணன்' என்று. கீழே 'மின்சாரம் உண்டா?' என்று ஒரு கட்டம் இருந்தது.

உண்டு என்று போட்டேன். அந்த லைட்டை யாரும் அணைக்க வேண்டாம்.