முதல் பாட்டோடு நின்றுபோனவர்

ரசிகர்களில் பல வகை உண்டு. தாளம் தப்பிக் கை தட்டுகிறவர், பாட்டு நடக்கும்போதே போனில் மைத்துனரோடு சண்டை போடுகிறவர், இலவச டிக்கெட்டில் வந்து முதல் வரிசை கேட்கிறவர். இவர்களையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாத இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு ‘முதல் பாட்டுக்காரர்’ என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை பதிமூன்று வயதில் பாடிய முதல் பாட்டுக்கு மனசைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்ததைத் தனக்குச் செய்த துரோகமாக எடுத்துக்கொண்டவர் இவர்.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்கிறீர்களா? நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் ஓட்டை ஸ்பீக்கர் ஒன்றைத் தோளில் சுமந்து தொழிலைத் தொடங்கி, இன்று என் மைக் இல்லாமல் இந்த வட்டாரத்தில் ஒருவர் பொதுவில் இருமக்கூட முடியாது என்கிற நிலைக்கு வந்தவன். மண்டபத்தின் கடைசியில், என் மிக்சிங் போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால், பாடுகிறவனின் முகமும் தெரியும், கேட்கிறவர்களின் பிடரியும் தெரியும். முகம் நடிக்கும். பிடரி நடிக்காது.

‘மிட்டாய்’ என்று எல்லோரும் கூப்பிட்ட பையன் ஒருவன் இருந்தான். சிவப்புக் கால்சட்டை, தோளில் இரண்டு வார், நெற்றியில் ஒரு சுருள் முடி. பட்டம் விடுவதைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினான். பாலூட்டுகிற தாயிலிருந்து பல் போன தாத்தா வரைக்கும் அதையே முணுமுணுத்தார்கள். இரண்டு வருஷத்தில் முடி வளர்ந்து கண்ணை மூடியது, பாட்டில் அழுகை வந்தது. “பையனுக்கு வீட்ல ஏதோ பிரச்சினை” என்றார் நம் முதல் பாட்டுக்காரர். பிறகு கறுப்புச் சட்டை, முழங்காலில் கிழிந்த பேண்ட், தகரக் கூரையில் மழை பெய்த மாதிரி ஒரு இரைச்சல். “சேர்க்கை சரியில்ல” என்றார். பிறகு மீசை முளைத்தது, கையில் கிதார் வந்தது, பாட்டு நிதானமானது. “அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு” என்று தலையில் கை வைத்தார். எந்தத் தீர்ப்பானாலும் கடைசி வரி ஒன்றுதான். “அந்த அப்பாவித்தனம் இல்லையே!”

சரி, இதைச் சொல்கிறவர் எப்படி இருக்கிறார்? எங்கள் பகுதி முதல் பாட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், மிட்டாய் ரசிகர் மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். பையன் இப்படி வளர்ந்த அதே ஆறு வருஷத்தில் அவருக்குத் தொப்பை விழுந்தது, தலைக்குச் சாயம் ஏறியது, சைக்கிள் போய்க் கார் வந்தது, அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்று, மறுபடி தொடங்கி, மறுபடியும் நின்றது. அவர் மாறலாம். மிட்டாய் மாறக்கூடாது.

பட்டப் பாட்டு வெளிவந்த நாளை அவர் வருஷா வருஷம் கொண்டாடுவார். மிட்டாய் அதே சிவப்புக் கால்சட்டையில் வந்து நிற்க வேண்டும். தையலைப் பிரித்துப் பிரித்து, இனிப் பிரிக்கத் துணியே இல்லை என்கிற வரைக்கும் அது வளர்ந்திருந்தது. கடைசியாக நடந்த விழாவன்று என் கையில் ஒரு பென் டிரைவைத் திணித்தார்.

“அண்ணே, பழைய ரெக்கார்டிங். இதைப் போட்டு விட்ருங்க. தம்பி சும்மா வாயசைச்சா போதும்.”

“ஏன், பையனுக்குத் தொண்டை கட்டியிருக்கா?”

“குரல் உடைஞ்சு போச்சுண்ணே! பதிமூணு வயசுக் குரல் இனி வருமா?”

“பத்தொன்பது வயசுல அது வந்தா உங்க கடை மருந்துக்கே அடங்காதே!”

அவர் சிரிக்கவில்லை. இந்த இனத்துக்குச் சிரிப்பு வராது.

மைக் மாட்ட ஒப்பனை அறைக்குப் போனேன். மிட்டாயின் அம்மா வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு இடுப்புப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“மூச்ச உள்ள இழுடா.”

“பாடுறவன் மூச்ச விடணும்மா.”

“இன்னைக்கு நீ எங்கடா பாடுற? நில்லு சும்மா.”

பின்னாலேயே வந்த மருந்துக்கடைக்காரரிடம் பையன் கெஞ்சினான். “அங்கிள், கடைசியில ஒரே ஒரு பாட்டு. என் பாட்டு, என் குரல்ல.”

“தாராளமாப் பாடு. ஆனா மத்த ஊர் மன்றத்துக்கெல்லாம் நான் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுறாங்க, ஞாபகம் வச்சுக்க.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. அந்த மேடைகளை நம்பித்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. பையன் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஏறினான்.

ரெக்கார்டிங்கைப் போட்டேன். மீசைக்குக் கீழே வாய் திறந்தது. கீச்சென்று குழந்தைக் குரல் வந்தது. முன் வரிசைகளில் கைக்குட்டைகள் கண்ணுக்குப் போயின. அப்போது அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் கூட்டத்துக்கே கேட்கும்படி கத்தினாள்.

“அப்பா, அந்த மாமா வயித்துக்குள்ள யாரு பாடுறா?”

மண்டபமே வெடித்தது. மிட்டாயும் சிரித்துவிட்டான். சிரித்ததில் பித்தான் தெறித்தது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் வாய் மூடி நிற்க, பட்டப் பாட்டு மட்டும் வெட்கமில்லாமல் தொடர்ந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் யாரைக் கேட்க வேண்டும்? என் போர்டு, என் விரல். பாட்டை நிறுத்தி, அவன் மைக்கைத் திறந்துவிட்டேன்.

கிதார்கூட இல்லாமல் பாடினான். சிறுவயதுக் கட்டிலில் கால் நீட்ட இடமில்லாமல் குறுகிப் படுத்திருக்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு. கிணற்றின் ஆழத்திலிருந்து வருகிற மாதிரிக் குரல். முன் வரிசைப் பிடரிகள் பலகை மாதிரி விறைத்தன. பின்னால் இருந்தவர்கள் போனைக் கீழே இறக்கினார்கள். முடிந்ததும் கைதட்டல் பின்னாலிருந்துதான் கிளம்பியது, கிளம்பியது நிற்கவில்லை. பக்கவாட்டில் நின்றிருந்த அம்மா ஊசியைச் சேலையில் குத்திவிட்டுத் தட்டினார்.

மருந்துக்கடைக்காரர் சொன்னபடியே செய்தார். எந்த மன்றமும் கூப்பிடவில்லை. ஆனால் அன்று பின்னால் நின்று தட்டிய பிள்ளைகள் தங்கள் கல்லூரிகளுக்குக் கூப்பிட்டார்கள். எல்லாம் என் ஸ்பீக்கரில்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மிட்டாய் மீசையை மழித்துவிட்டு, டிரம்பெட் வாசிக்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஆட்டப் பாட்டு வெளியிட்டான். மறுநாளே மருந்துக்கடைக்காரர் என் கடைக்கு ஓடி வந்தார், முகமெல்லாம் துக்கம்.

“கேட்டீங்களாண்ணே இந்தக் கூத்தை? அந்தக் கட்டில் பாட்டு எப்படி இருந்துச்சு! அதுல ஒரு அப்பாவித்தனம் இருந்துச்சுண்ணே!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. பேனா பிடித்து நான் எழுதுகிற முதல் சமாச்சாரம் இது. பிரமாதமாக வந்திருக்கிறது, எனக்கே தெரிகிறது. நாளைக்கு நான் இன்னொன்றை வேறு தினுசில் எழுதினால், “அந்த முதல் கட்டுரை மாதிரி வரல சார்” என்று பெருமூச்சு விடப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். பக்கத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் அங்கே இல்லை.