வீட்டுக்கு வந்த புதுக் குரல்

"பால் பொங்குது. அடுப்ப அணைங்க."

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்த டிரைவிங் டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள். இந்த வீட்டில் தன்னைத் தவிர அதிகாரம் பண்ண இன்னொருத்தி எங்கேயிருந்து வந்தாள் என்று ஒரு கணம் புரியவில்லை.

பிறகுதான் ஞாபகம் வந்தது. மகள் பாப்பாவின் டேப்லெட். மூன்று நாளாக அந்த வீட்டில் ஒரு புதுக் குரல் குடியேறியிருந்தது.

பாப்பா என்றதும் தொட்டிலில் கிடக்கிற பாப்பா என்று நினைத்துவிடக் கூடாது. பதிமூன்று வயது. பிறந்ததிலிருந்தே கையும் காலும் அவள் பேச்சைக் கேட்காது, வாயிலிருந்து சொல் வராது. ஆனால் மனசுக்குள் நாலு பேருக்கான பேச்சு இருந்தது. சக்கர நாற்காலியின் முன்பலகையில் பொருத்திய டேப்லெட்டில், படத்தையோ சொல்லையோ விரல் முட்டியால் தட்டுவாள். அது பேசும். நாலு வயதிலிருந்து அதுதான் அவளுக்கு வாய்.

அந்த வாயில் இத்தனை காலமும் ஒரு சின்னக் குழந்தையின் குரல் இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கடைசியில் கொஞ்சம் இழுத்து, பாடுகிற மாதிரி முடிக்கும். புதன்கிழமை பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டு வந்ததும் அது காணாமல் போயிருந்தது. பாப்பாவே கேட்டாளாம், பேச்சு டீச்சர் மாற்றிக் கொடுத்தாராம். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சமையலறையில் கணவர் ஏற்கெனவே அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வேலையில் அடுத்தவர் தப்பையெல்லாம் கண்டுபிடித்துவிட்டு, வீட்டில் ஒன்றையும் கண்டுகொள்ளாத சாது.

"ஏன் இப்படி விழுந்தடிச்சு ஓடுறீங்க? அது மெஷினுங்க."

"இந்தக் குரல்ல சொன்னா, உடனே செஞ்சிடணும்னு தோணுது."

"என்ன குரலோ. தகர டப்பாவுல ஆணியப் போட்டு உலுக்கின மாதிரி."

கணவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். "எனக்குப் பழகின மாதிரிதான் இருக்கு."

"மூணு நாள்ல என்ன பழக்கம்?"

அதற்கு அவர் இருமினார்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் பள்ளி விட்டதும் பாப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டே ஒரு பல் டாக்டருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். ஊரையே நடுங்க வைக்கிற அந்த மனிதர் ஸ்டீயரிங்கைத் தொட்டால் தானே நடுங்குவார். பாப்பா வழியில் ஏதோ ஒரு புத்தகக் கடையைப் பார்த்துவிட்டு "நிறுத்துங்க" என்று தட்டினாள். டாக்டர் நடுத்தெருவில் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் அவர் வம்சத்தையே விசாரித்தான். "நான் சொன்னாத்தானே சார் பிரேக் போடணும்" என்று இவள் கத்த, டாக்டர் இவளையும் பின்சீட்டையும் மாறி மாறிப் பார்த்து முழித்தார். யார் பெற்ற பெண்ணின் குரலோ, தன் தொழிலிலேயே குறுக்கே வருகிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கோ அதைவிடப் பெரிய விஷயம். பெரிய பள்ளிக்கூடத்தில் பாப்பாவுக்கு ஒன்பதாம் வகுப்பில் இடம் கேட்டிருந்தார்கள். மதியம் நேர்முகம். தலைமையாசிரியை பிள்ளையிடமே பேசிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்காகப் பாப்பா போன வாரம் முழுக்க உட்கார்ந்து, சொல் சொல்லாகக் கோத்து, தன்னைப் பற்றி ஒரு பேச்சு தயாரித்து டேப்லெட்டில் சேர்த்து வைத்திருந்தாள்.

"இந்தக் குரல்ல பேசினா அந்தம்மா பயந்துக்குவாங்கடி. பழைய குரல்ல பேசு. எவ்வளவு செல்லமா இருக்கும்."

பாப்பா நிதானமாகத் தட்டினாள். "அந்தக் குரல்ல பேசினா பலூன் குடுப்பாங்க."

போன மாதம் நடந்தது அது. துணிக்கடையில் பாப்பா ஜீன்ஸுக்கு அளவு கேட்டாள். குரலைக் கேட்ட கடைக்காரப் பெண் உருகிப்போய், "அச்சோ செல்லம்" என்று சொல்லி ஒரு மஞ்சள் பலூனை நாற்காலியில் கட்டிவிட்டாள். பாப்பா வீடு வரும்வரை அந்தப் பலூனை முறைத்துக்கொண்டே வந்தாள்.

"எனக்குப் பதிமூணு வயசு. போன வாரம் வரைக்கும் நாலு" என்றது டேப்லெட்.

வாயாடுவதில் யாரை உரித்து வைத்திருக்கிறதோ என்று முணுமுணுத்தாள் அம்மா.

அப்பா மகளைக் குளிப்பாட்டி உடுத்திவிட உள்ளே அழைத்துப் போனார். டேப்லெட் மேசையில் தனியாகக் கிடந்தது. டிரைவிங் டீச்சர் அதைப் பார்த்தாள். கை சும்மா இருக்குமா? குரலை மட்டும் பழையபடி மாற்றிவிட்டு வைத்துவிடலாம், குழந்தை பேசுவதைக் கேட்டுத் தலைமையாசிரியை அங்கேயே இடத்தைக் கொடுத்துவிடுவார், அப்புறம் பாப்பாவே நன்றி சொல்லுவாள் என்று ஒரு கணக்குப் போட்டாள்.

குரல்களின் வரிசையில் பழைய குரலைக் காணோம். பெயர் இல்லாமல் நம்பர் போட்ட குரல்கள்தான் இருந்தன. ஒன்றைத் தட்டினாள். சரிபார்க்க, "எனக்கு பாத்ரூம் போகணும்" என்ற படத்தை அழுத்தினாள்.

தொண்டையில் இடி உருளுகிற ஓர் ஆண்குரல், "எனக்கு பாத்ரூம் போகணும்" என்றது.

அவள் பதறிப்போய் அணைக்கப் பார்த்தாள். அது திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கியது. வாசலில் ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த மாடி வீட்டு அக்கா தயங்கி நின்றாள்.

"வீட்டுக்கு யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்லக்கா."

"எனக்கு பாத்ரூம் போகணும்" என்றது இடி.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "என்ன கோபமா இருந்தாலும் மனுஷன வெளிய விடும்மா. பாவம், எவ்வளவு நேரமா கேக்குறாரு."

அக்காவை அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குரலைக் கொஞ்சம் மெலிசாக்கலாம் என்று ஒரு கோட்டை இழுத்தாள். அந்த ஆள் அணில் மாதிரி கீச்சிட ஆரம்பித்தார். இன்னொரு கோட்டை இழுத்தாள். அணிலுக்கு மயக்கம் வந்துவிட்டது. புதுக் குரலாவது திரும்பி வந்தால் போதும் என்று தேடினால், நம்பர்களுக்கு நடுவில் அது எதுவென்று தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி உள்ளே இருந்தது. போய் எடுத்தால் பாப்பா பார்த்துவிடுவாள்.

அப்போதுதான் திரையின் அடியில் ஒரு வரி கண்ணில் பட்டது. பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமா என்று டேப்லெட் கேட்டது.

வாழ்க்கையில் இந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. யோசிக்காமல் 'ஆம்' என்று தட்டினாள். அது இன்னும் சின்ன எழுத்தில் எதையோ சொல்லிச் சம்மதமா என்றது. அதற்கும் 'ஆம்'.

திரை இருண்டு, வெளுத்து, மெதுவாக ஆறு பெரிய படங்கள் வந்தன. ஒரு டம்ளர். ஒரு தட்டு. ஒரு கதவு. சிரிக்கிற முகம், அழுகிற முகம், விரித்த உள்ளங்கை. அவள் டம்ளரைத் தட்டினாள்.

"தண்ணீ..." என்றது அந்தப் பழைய குரல், கடைசியில் இழுத்து.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள் இப்படித்தான் இருந்தது. இதே ஆறு படங்கள். நாலு வயதுப் பாப்பா டம்ளரைத் தட்டினாள், இவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். பாப்பா குடிக்கவில்லை. மறுபடி தட்டினாள், இவள் மறுபடி ஓடினாள். அன்றைக்குப் பூராவும் அதே வேலை. சாயங்காலம்தான் புரிந்தது, பிள்ளைக்குத் தாகமே இல்லை. தான் கூப்பிட்டால் அம்மா வருகிறாளா என்று பார்க்கிறாள். வந்துகொண்டே இருந்தாள். காலெல்லாம் வலித்தது, அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் குரல் வரும்வரை அவளை அம்மா என்று யாரும் கூப்பிட்டதில்லை. அதை எப்படித் தூக்கிப் போட முடியும்? அவள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் டம்ளரைத் தட்டினாள்.

நாற்காலிச் சத்தம் கேட்டது. பாப்பா வந்துவிட்டாள். புதுச் சட்டை, இறுக்கிப் பின்னிய தலை.

"பாரு பாப்பா, நம்ம பழைய குரல் வந்துடுச்சு" என்று டேப்லெட்டை முன்பலகையில் மாட்டினாள் அம்மா.

பாப்பா திரையைப் பார்த்தாள். அடுத்த பக்கம் போக ஓரத்தைத் தட்டினாள். அடுத்த பக்கம் இல்லை. திரும்பவும் தட்டினாள். ஒன்பது வருஷமாகச் சேர்த்த சொற்கள் இல்லை. நண்பர்களின் பெயர்கள் இல்லை, கிண்டல்கள் இல்லை, ஒரு வாரம் உட்கார்ந்து செய்த பேச்சு இல்லை. அவள் விரல் முட்டி ஆறு படங்களின் மேலும் அலைந்துவிட்டு, கடைசியில் விரித்த உள்ளங்கையில் நின்றது.

"போதும்..." என்றது குழந்தைக் குரல், பாடுகிற மாதிரி.

பாப்பாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "போதும்... போதும்..."

டிரைவிங் டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. தான் ஆசைப்பட்ட குரல் ஆசைப்பட்டபடி வந்துவிட்டது, பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அதில் பேச ஒன்றுமில்லை.

"என்ன பண்ணித் தொலைச்ச?" என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாசலில் ஹார்ன் கேட்டது. பல் டாக்டர் வகுப்புக்கு வந்துவிட்டார். வாசலில் நின்ற பயிற்சி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பயத்தில் ஹார்ன்மேல் சாய்ந்திருந்தார்.

"சார், இன்னைக்குப் பாடம் பேச்சுப் பயிற்சி மையம் வரைக்கும். கொஞ்சம் வேகமா."

"வேகம் இன்னும் நடத்தலையே டீச்சர்."

"இப்ப நடத்துறேன். முதல் கியர்."

அப்படி ஒரு பயணம் அந்தத் தெருக்கள் பார்த்திருக்காது. டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்சீட்டிலிருந்து "போதும்..." என்று குழந்தைக் குரல் வந்தது. "எனக்கும் போதும் பாப்பா" என்றார் டாக்டர் அழாத குறையாக. கணவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார். டிரைவிங் டீச்சர் கியரையும் கிளட்ச்சையும் சொல்லும்போது மட்டும் வாயைத் திறந்தாள். மற்ற நேரத்தில் பள்ளிக்கூடம் மூடிவிடுமோ, மகள் இனி மன்னிப்பாளோ என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

பேச்சு டீச்சர் நல்ல வேளையாக இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் திட்டவில்லை. புதன்கிழமையே எல்லாவற்றையும் தன் கணினியில் நகல் எடுத்து வைத்திருந்தாராம். ஒயரை மாட்டினார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். வாசலில் வண்டியை நிறுத்தத் தெரியாமல் டாக்டர் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

சொற்கள் திரும்பின. பக்கம் பக்கமாக, பெயர்கள், கிண்டல்கள், கடைசியில் அந்தப் பேச்சு. பாப்பா முதல் வேலையாகத் தட்டினாள்.

"அம்மா. இனிமே என் டேப்லெட்டத் தொடாதே. சொல்லிட்டேன்."

அதே தகர டப்பா. அதே ஆணி. ஆனாலும் டிரைவிங் டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"தொட மாட்டேன்டி. தப்புதான். உன் முதல் பேச்ச அந்தக் குரல்லதானே கேட்டேன், விட மனசு வரல. நீ பெரியவளா பேசு. அம்மா குறுக்க வர மாட்டேன்."

பாப்பா தலையை ஆட்டினாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. இதோடு விட்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். விடுகிற ஆளா?

"ஒண்ணே ஒண்ணு மட்டும் டீச்சர்" என்று அவள் பேச்சு டீச்சர் பக்கம் திரும்பினாள். "பெரியவ குரல்தான் வேணும்னா, உலகத்துல வேற குரலே கிடைக்கலையா? எவளோ ஒரு ராங்கிக்காரி. வாயத் திறந்தாலே அதட்டல். புருஷன எப்படி ஆட்டி வைப்பாளோ, பக்கத்து வீட்டுக்காரங்க எப்படிக் காலந்தள்ளுறாங்களோ. யாருங்க அந்தப் பொம்பள? நேர்ல பார்த்தா நாலு வார்த்தை கேக்கணும்."

கணவருக்கு மறுபடியும் இருமல் வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. பேச்சு டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு பாப்பாவைப் பார்த்தார். இன்டர்வியூ முடிகிறவரை அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று புதன்கிழமையே அவள் போட்ட உத்தரவு. பாப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தட்டினாள்.

"சொல்லிடுங்க."

பேச்சு டீச்சர் சொன்னார்: "இத்தனை வருஷமா நீங்க எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ வெச்சு செஞ்ச குரல்ங்க இது, 'எனக்குப் பேச்சு வந்திருந்தா எங்கம்மா மாதிரிதானே பேசியிருப்பேன், அதையே குடுங்க'ன்னு உங்க பொண்ணுதான் கேட்டா."