பூட் இமேஜை அமுக்கிய மாப்பிள்ளை

மாமனார் வீட்டில் எதைக் கேட்டாலும் ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்வது புது மாப்பிள்ளைகளுக்கு வரும் வியாதி. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி திண்டிவனத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போயிருந்தேன். மற்ற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் இணையம் கொடுக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில், பூட் பகுதியில் இடமில்லை என்று எச்சரிக்கை வருவதாக மச்சான் சொன்னார். அன்று காலை பிளஸ் டூ ரிசல்ட். அதற்குள் சரிசெய்ய முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது முதலில் பிரித்துப் படிக்கும் கோப்புதான் பூட் இமேஜ். அதைச் சுருக்கித்தான் வைத்திருப்பார்கள். லினக்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் சேர்ந்துவிட்ட பழைய இமேஜ்களில் ஒன்றிரண்டை அழித்திருந்தால் வேலை முடிந்தது. (அது சாதாரண மூளைக்கு!) நானோ எல்லாவற்றையும் இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் புது முறைக்கு மாற்றினேன். இடம் தாராளமாகக் கிடைத்தது. மீசையைத் தடவிக்கொண்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

கறுப்புத் திரையில் ‘கெர்னல் பேனிக்’ என்று வந்து, மேற்கொண்டு எழ முடியாமல் கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. புது முறையில் சுருக்கியதைப் பிரிக்க அந்தப் பழைய லினக்ஸுக்குத் தெரியாது. பழைய இமேஜ்களையும் விட்டுவைக்காததால் திரும்பிப்போக வழியில்லை. மனசு மாறுமா என்று திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தேன். மாறவில்லை. விழுப்புரத்திலிருந்த நண்பன் ரஃபிக்குப் போன் போட்டேன்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓமந்தூரிலிருந்து அப்பாவோடு வந்திருந்த ஒரு பெண் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் வியர்த்து வழிந்த என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே போய், “கரண்ட் இல்லீங்க” என்றார். அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

மச்சான் அத்தனை பேரையும் பக்கத்துத் தெரு சென்டருக்கு அழைத்துப் போனார். அதன் முதலாளிக்கும் அவருக்கும் வெகுநாளாகப் பேச்சுவார்த்தையே இல்லை.

ரஃபி பஸ் பிடித்து வந்தான். சிடியிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, இமேஜ்களைப் பழைய முறைக்கே மாற்றினான். “ஒன்னையாவது உட்டு வெச்சிருக்கக் கூடாதாடா?” என்றான்.

மச்சான் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். “ஓமந்தூர் பொண்ணு நல்ல மார்க்கு மாப்ள. அந்த சென்டர்காரரு எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு, பேசிக்கினு இருந்தோம். வாங்க, கறி ஆறிப்போவுது.”

இன்றைக்கும் ஊருக்குக் கிளம்பும்போது நான் பெட்டியில் துணியை அமுக்கினால், ஸ்டெல்லா நிதானமாகச் சொல்வாள்: “பாத்து அமுக்குங்க. அப்புறம் ரஃபி அண்ணன் வந்துதான் பிரிக்கணும்.”