இரைச்சலுக்கு மைனஸ் பத்து

மனிதர்களில் ஒப்பீட்டாளர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். செருப்பு வாங்கப் போய், கடையில் இருக்கிற அத்தனை ஜோடியையும் போட்டு நடந்து பார்த்துவிட்டு, "யோசிச்சு வர்றேன்" என்று பழைய செருப்போடு வீடு திரும்புகிறவர். கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர்கூட ஒருநாள் வாங்கிவிடுவார்.

நம்மவருக்கு லிஃப்ட் பரிசோதிக்கும் வேலை. கம்பிவடத்தில் நாலு இழை அறுந்திருந்தால் போதும், லிஃப்டைப் பூட்டிவிட்டு, குடியிருப்போர் எவ்வளவு கத்தினாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். அங்கே தயக்கமே கிடையாது. தயக்கமெல்லாம் அப்பாவின் எலக்ட்ரிக் கித்தாரில்.

அப்பா இறந்து பதினோரு மாதம். அவர் போன மறுவாரமே கித்தாரின் பிக்கப்பும் போனது. பிக்கப் என்பது தந்திகளுக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டி. உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. தந்தி அதிர்வதை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். நம்மவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். உள்ளே கம்பி அறுந்திருந்தது. புதிது போட வேண்டும். அரை மணி நேர வேலை.

முதல் நாளே கித்தார் மெக்கானிக் மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதைப் போட்டுக்கலாம் சார். உள்ள இருந்ததும் இதே வகைதான். லேசா இரையும், அவ்வளவுதான்."

"மத்ததையும் பார்த்துட்டுச் சொல்றேன்."

பார்த்தார். நாற்பத்து மூன்று பிக்கப்புகளுக்கு அட்டவணை போட்டார். காந்தத்தின் வகை, சுற்றின் எண்ணிக்கை, மின்தடை, கம்பியின் பருமன் என்று கட்டம் கட்டமாக நிரப்பினார். மதிய இடைவேளைகளில் லிஃப்ட் மோட்டார் அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் ஒரே பாட்டை ஒன்பது பிக்கப்பில் வாசிப்பதைக் கண்ணை மூடிக் கேட்டார். இணையத்தில் ஆலோசனை கேட்டார். ஒருவர் காந்தத்தை மாற்றச் சொன்னார், இன்னொருவர் ஸ்பீக்கரை மாற்றச் சொன்னார், மூன்றாமவர் முதலில் காதை மாற்றச் சொன்னார். மூன்று பேருக்கும் நன்றி சொல்லி, அட்டவணையில் காதுக்கும் ஒரு கட்டம் சேர்த்தார்.

எல்லாவற்றுக்கும் மதிப்பெண். நல்ல ஒலிக்குப் பிளஸ். இரைச்சலுக்கு மைனஸ் பத்து. எந்தப் பொறியாளர்தான் இரைச்சலுக்குப் பிளஸ் போடுவார்? மெக்கானிக்கின் இழுப்பறைச் சரக்கு நாற்பத்து மூன்றாவது இடத்தில் கிடந்தது.

இதற்கிடையில் அப்பாவோடு வாசித்த நண்பர்கள் கூடி, அவர் நினைவாகக் கச்சேரி வைக்க ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள். அப்பா நின்ற இடத்தில் தங்கை வாசிக்க வேண்டும். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் கேட்டாள்.

"அண்ணா, உனக்குப் பொண்ணு பார்த்தப்பக்கூட ஒரு டீ குடிக்கிற நேரத்துல சரின்னுட்டே. இதுக்கு என்ன இழுவை? நாளைக்குள்ள போடலன்னா நான் வேற கித்தார் கடன் வாங்கிக்கிறேன். அப்பாவோடது பெட்டியிலயே தூங்கட்டும்."

கடன் கித்தார் என்றதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"முடிவு பண்ணிட்டேன்" என்றார். "முதல் இடத்துல இருக்கிறதை வாங்குறோம். அதுல இரைச்சலே கிடையாது."

"தந்தியிலிருந்து கையை எடுத்தாக்கூடவா?"

"எடுத்தாலும் வச்சாலும் அமைதிதான்."

அம்மா கரண்டியோடு நின்றார். "அப்போ வாசிச்சு முடிச்சது எனக்கு எப்படித் தெரியும்?"

பழைய பிக்கப்பின் குணம் அது. தந்தியில் கை இருக்கும்வரை அடங்கியிருக்கும். கையை எடுத்தால் 'ங்ங்ங்' என்று இரையும். அப்பா ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்துவார், மறுபடி தொடங்குவார், அதை நம்பி யாரும் தட்டு வைக்க முடியாது. முன்னறையில் இரைச்சல் கேட்டால்தான் மனுஷன் கையை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். உடனே அம்மா தட்டு வைப்பார். முப்பது வருஷம் அந்த வீட்டில் சாப்பாட்டு மணி அதுதான். அதற்குத்தான் மகன் மைனஸ் பத்து போட்டிருந்தார்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் மடிக்கணினியைத் திறந்தார். அந்த மைனஸை அழித்துப் பிளஸ் போட்டார். வரிசைப்படுத்தினார். நாற்பத்து மூன்றாவது முதலிடத்துக்கு வந்தது.

மறுநாள் மெக்கானிக் அதே இழுப்பறையைத் திறந்தார்.

"இதுக்கா சார் பதினோரு மாசம்?"

"சரிபார்க்க வேணாமா?"

அன்று மாலை முன்னறையில் இணைப்புக் கொடுத்தார்கள். 'ங்ங்ங்' என்றது. தங்கை தந்தியில் கை வைத்தாள். அடங்கியது. அப்பாவின் பாட்டு ஒன்றை இரண்டு தப்போடு வாசித்தாள். கையை எடுத்தாள். இரைந்தது.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "தட்டு வச்சாச்சு."

ஒப்பீட்டாளர் எழவில்லை. "மறுபடி கையை வை" என்றார் தங்கையிடம். வைத்தாள். "இப்போ எடு."

சோறு ஆறும்வரை இதையே செய்தார்கள்.

சிரித்துவிட்டீர்கள், சரி. உங்கள் ஃபோனில் ஒரு மின்விசிறிக்காகவோ மூக்குக்கண்ணாடிக்காகவோ எத்தனை பக்கங்கள் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கின்றன என்று நான் கேட்கப்போவதில்லை. "சேச்சே, நான் இவர் அளவுக்கு மோசமில்லை" என்று இந்த நிமிஷம் உங்களுக்குத் தோன்றியதே, அதைத்தான் ஒப்பீடு என்கிறோம்.